சேலத்தில் ஏலியன் கோயில்: மனிதனை உருவாக்கியது வேற்றுகிரகவாசிகளா? ஆதாரங்கள் சொல்வது என்ன?

சேலம் அருகே மல்லமூப்பம்பட்டியில் ஏலியனுக்குக் கோயில் கட்டப்பட்ட செய்தி 2024 ஆகஸ்ட் மாதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் அந்தக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி பழசு. மனிதன் எங்கிருந்து வந்தான்? பெரிய பெரிய கோயில்களையும் பிரமிடுகளையும் கட்டியது மனிதன்தானா, இல்லை வானத்தில் இருந்து யாராவது வந்து சொல்லிக் கொடுத்தார்களா?

யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவரும் இந்தக் கேள்விக்கு அறிவியல் என்ன பதில் சொல்கிறது? சேலம், நாமக்கல் மண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

மல்லமூப்பம்பட்டியில் என்ன இருக்கிறது?

சித்தர் வழியில் வந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் தன் சொந்த இடத்தில் கட்டிய கோயில் இது. சிவன், பார்வதி, முருகன், காளி உள்ளிட்ட தெய்வங்களோடு, தரைக்குக் கீழே அமைந்த அறையில் ஏலியன் சிலையும் வைக்கப்பட்டிருக்கிறது. ஏலியன்களோடு தான் பேசியதாகவும், அவர்களிடம் அனுமதி வாங்கியே கோயில் கட்டியதாகவும் அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். உலகில் இயற்கைப் பேரழிவுகள் அதிகமாகி வருகின்றன, அவற்றைத் தடுக்கும் சக்தி ஏலியன்களுக்கு உண்டு என்பது அவருடைய நம்பிக்கை.

எதை வணங்குவது என்பது அவரவர் விருப்பம், அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் "ஏலியன்கள் பூமிக்கு வந்தார்கள், மனிதனை உருவாக்கினார்கள்" என்று சொல்லும்போது அது வரலாறு பற்றிய ஒரு கூற்றாகிவிடுகிறது. அதைச் சரிபார்க்க முடியும்.

இந்தக் கதை எங்கே தொடங்கியது?

'பண்டைய விண்வெளி வீரர்கள்' என்ற கருத்தை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர் எரிக் வான் டானிகென். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இவர் ஹோட்டல் மேலாளராக வேலை பார்த்தவர். 1968இல் இவர் எழுதிய புத்தகம் பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது. எகிப்து பிரமிடுகள், பெரு நாட்டின் நாஸ்கா கோடுகள், மெக்சிகோவின் மாயன் சிற்பங்கள் எல்லாம் வேற்றுகிரகவாசிகளின் வருகைக்குச் சாட்சி என்றார் அவர்.

அடுத்து 1976இல் செக்காரியா சிட்சின் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் 'நிபிரு' என்ற கிரகம் இருக்கிறது, அங்கிருந்து வந்த 'அனுன்னாகி'கள் தங்கம் வெட்டி எடுக்க ஆள் தேவைப்பட்டதால் மரபணுவை மாற்றி மனிதனை உருவாக்கினார்கள் என்று எழுதினார். இன்று ரீல்ஸ்களில் வரும் 'மனிதன் ஏலியன்களின் அடிமை' கதைகளுக்கு மூலம் இதுதான்.

2010 முதல் ஹிஸ்டரி சேனலில் ஒளிபரப்பான 'ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ்' தொடர் இதையெல்லாம் வீட்டு வரவேற்பறைக்கே கொண்டுவந்தது.

சரி, இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?

நிபிரு என்று ஒரு கிரகம் இருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று வானியலாளர்கள் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். அனுன்னாகி என்பது மெசபடோமியாவின் பழைய களிமண் பலகைகளில் வரும் தெய்வங்களின் கூட்டம். அந்தப் பலகைகளில் ராக்கெட்டும் இல்லை, மரபணுவும் இல்லை. ஆப்பெழுத்து படித்த அறிஞர்கள் யாரும் சிட்சினின் மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை.

மெக்சிகோவின் பலெங்கேயில் இருக்கும் மாயன் மன்னர் பாக்கலின் கல்லறை மூடியை 'ராக்கெட் ஓட்டும் வீரர்' என்றார் டானிகென். பாக்கல் இறந்தது கி.பி. 683இல். அந்தச் சிற்பத்தில் இருப்பது மாயன்களின் புனித மரமும், மரணத்துக்கும் மறுபிறப்புக்கும் இடையே இருக்கும் மன்னரும்தான். இதே மரம் வேறு மாயன் சிற்பங்களிலும் வருகிறது. படத்தைச் சாய்த்து வைத்துப் பார்த்தால்தான் ராக்கெட் மாதிரி தெரியும்.

பிரமிடுக்கு இன்னும் வலுவான பதில் கிடைத்தது. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013இல் பப்பைரஸ் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன. மேரர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய வேலைக் குறிப்புகள் அவற்றில் இருந்தன. கூஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்காக, தூரா குவாரியில் இருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிப்போன விவரம் நாள்வாரியாக இருக்கிறது. கீசாவில் பிரமிடு தொழிலாளர்கள் குடியிருந்த ஊரையும், அவர்கள் ரொட்டி சுட்ட அடுப்புகளையும், அவர்களுடைய கல்லறைகளையும்கூடத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

நாமக்கல் மலையைக் குடைந்தது யார்?

இதே கேள்வியை நம்ம ஊருக்கும் கேட்கலாம். நாமக்கல் நகரின் நடுவில் நிற்கும் ஒற்றைப் பாறை மலையில் நரசிம்மருக்கும் ரங்கநாதருக்கும் குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. ஒரே பாறையை உள்பக்கமாகக் குடைந்து, தூணையும் சிலையையும் அதிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் உளி தவறினால் ஒட்டவைக்க வழி கிடையாது.

'இது மனிதனால் முடியுமா?' என்று கேட்டு வீடியோ போடுவது சுலபம். ஆனால் பதில் அந்தப் பாறையிலேயே இருக்கிறது. அதியர் குலத்தைச் சேர்ந்த குணசீலன் இந்தக் கோயிலை எடுத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. எழுத்தமைதியை வைத்து இவை 8ஆம் நூற்றாண்டு வாக்கில் குடையப்பட்டவை என்று கணிக்கப்படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலும் அப்படித்தான். சுமார் 216 அடி உயர விமானத்தை ஏலியன் உதவியில்லாமல் எழுப்பியிருக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகள், அதைக் கட்டிய தலைமைத் தச்சன் வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று பேரோடு சொல்கின்றன. விளக்குக்கு நெய் கொடுத்தவர்கள், நடனமாடிய பெண்கள், அவர்களுக்கு வழங்கிய நெல் அளவு வரை அந்தச் சுவர்களில் கணக்கு இருக்கிறது. கட்டியவர்கள் இவ்வளவு எழுதி வைத்த பிறகும் அந்தப் புகழை வேறு யாருக்கோ கொடுப்பதைத்தான் வரலாற்று ஆய்வாளர்கள் எதிர்க்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. ஏலியன் கட்டினான் என்று சொல்லப்படும் பட்டியலில் எகிப்தும், மெக்சிகோவும், பெருவும், இந்தியாவும்தான் அதிகம் வருகின்றன. ஐரோப்பாவில் வானளாவ நிற்கும் பழைய தேவாலயங்களைப் பார்த்து இதை மனிதன் கட்டியிருக்க முடியாது என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. 'இந்த மக்களுக்கு இவ்வளவு திறமை இருந்திருக்காது' என்ற எண்ணம் இந்தக் கதைகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தொல்லியல் அறிஞர்கள் குற்றம்சாட்டுவது இதனால்தான்.

பழைய சேலம் மாவட்டமும் விமான சாஸ்திரமும்

'புராண காலத்திலேயே நம்மிடம் விமானம் இருந்தது' என்பதற்கு ஆதாரமாக 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலை அடிக்கடி காட்டுவார்கள். இதற்கும் இந்தப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த நூலைச் சொன்ன சுப்பராய சாஸ்திரி, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் வட்டத்தில் பிறந்தவர்.

பரத்வாஜ முனிவர் தன் மனதில் உணர்த்தியதாகச் சொல்லி, 1918 முதல் 1923 வரை அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வல்லுநர்கள் 1974இல் இந்த நூலை வரிவரியாக ஆராய்ந்தார்கள். நூல் 1904க்கு முன்பு எழுதப்பட்டிருக்க வாய்ப்பில்லை, அதில் சொல்லப்படும் எந்த விமானத்துக்கும் பறக்கும் தன்மையே கிடையாது என்பது அவர்கள் முடிவு.

வானத்தில் இருந்து விழுந்த கற்கள்?

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலைப்பகுதியில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் கிடைக்கின்றன. இவற்றை மரத்தடியிலும் சின்னச் சின்னக் கோயில்களிலும் வைத்து மக்கள் வழிபட்டு வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே போன்ற கற்களை இடி விழும்போது வானத்தில் இருந்து வந்தவை என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். வீட்டில் வைத்தால் இடி தாக்காது என்றுகூட நினைத்தார்கள்.

உண்மையில் அவை புதிய கற்கால மனிதர்கள் மரம் வெட்டவும் நிலத்தைத் திருத்தவும் மணிக்கணக்கில் தேய்த்துச் செய்த கருவிகள். செய்தவனை மறந்துவிட்டால், அவன் செய்த பொருள் அதிசயமாகிவிடுகிறது.

இரும்பிலும் இதே கதைதான். மேட்டூர் பகுதியில் உள்ள மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய ஊர்களின் பழைய ஈமக்குழிகளில் இரும்புப் பொருட்கள் கிடைத்தன. மாங்காட்டு மாதிரியின் காலம் கி.மு. 1600 முதல் 1400 வரை என்று கணிக்கப்பட்டது. தெலுங்கனூரில் கிடைத்த வாள் துண்டு, கார்பன் அளவு மிக அதிகம் உள்ள உயர்தர எஃகு.

ஒருகாலத்தில் சேலம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரி பகுதியின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை போவதாக 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

இரும்பு உருக்க 1,200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதற்கு உலை, துருத்தி, கரி, பக்குவம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சேலத்தின் கஞ்சமலை இரும்புத் தாதுவுக்குப் பேர் போனது. தாது காலடியில் இருந்தது, அதை எஃகாக்கும் வித்தையைப் பல தலைமுறைகள் செய்து பார்த்துக் கற்றார்கள். மேலிருந்து யாரும் வந்து சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை.

அப்போ மனிதன் எங்கிருந்துதான் வந்தான்?

இங்கே அறிவியலின் பதில் தெளிவானது. எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த 'லூசி' எலும்புக்கூட்டின் வயது சுமார் 32 லட்சம் ஆண்டுகள். குரங்கு போன்ற சின்ன மூளை, ஆனால் இரண்டு காலில் நடந்தவள். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூட்டில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே படிப்படியான மாற்றத்தைக் காட்டும் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. திடீரென ஒருநாள் மனிதன் 'தயாரிக்கப்பட்டதாக' எந்தத் தடயமும் இல்லை.

மரபணுவும் இதையே சொல்கிறது. மனிதனின் டிஎன்ஏவும் சிம்பன்சியின் டிஎன்ஏவும் ஏறக்குறைய 98.8 சதவீதம் ஒன்றுபோல இருக்கின்றன. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போனது? பழைய இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிச் சேர்ந்ததுதான் நம்முடைய 2ஆம் எண் குரோமோசோம். ஒட்டிய தழும்பு இன்னும் அதில் தெரிகிறது. இதைத்தான் சிலர் 'ஏலியன் செய்த மரபணு மாற்றம்' என்கிறார்கள். ஆனால் குரோமோசோம்கள் இப்படி ஒட்டிக்கொள்வது இன்றும் மனிதர்களிடம் இயற்கையாகவே நடக்கிறது.

தமிழ்நாட்டில் என்ன தடயம்?

1863இல் சென்னை அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியாவின் கற்கால ஆய்வுக்குத் தொடக்கம். அதே ஆண்டு அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கம், இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே சாந்தி பப்பு தலைமையிலான குழு கண்டெடுத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அவற்றைச் செய்தவர்கள் நமக்கு முந்தைய மனித இனத்தவர்.

நம் இனம் ஆப்பிரிக்காவில் இருந்து புறப்பட்டு இந்தியா வழியாக ஆஸ்திரேலியா வரை போன தடம்கூட இங்கே கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் மதுரை வட்டாரக் கிராம மக்களிடம் ரத்த மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது, எம்130 என்ற பழமையான மரபணு அடையாளம் தெரியவந்தது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் இருப்பது இதே அடையாளம்தான்.

உயிர் விண்வெளியில் இருந்து வந்திருக்கலாமா?

இது ஏலியன் கதையிலிருந்து வேறுபட்ட, விஞ்ஞானிகள் உண்மையிலேயே ஆராயும் கேள்வி. உயிரின் விதை விண்வெளி வழியாகப் பூமிக்கு வந்திருக்கலாம் என்ற கருத்துக்கு 'பான்ஸ்பெர்மியா' என்று பெயர். பிரிட்டனின் ஃப்ரெட் ஹாய்லும் இலங்கையில் பிறந்த சந்திரா விக்ரமசிங்கவும் இதைத் தொடர்ந்து வலியுறுத்தினார்கள்.

டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் கிரிக், 1973இல் லெஸ்லி ஆர்கலோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். வேறொரு நாகரிகம் நுண்ணுயிர்களை வேண்டுமென்றே பூமிக்கு அனுப்பியிருக்குமா என்று அதில் கேட்டார். ஆனால் இதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல இப்போது போதிய ஆதாரம் இல்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். டானிகெனுக்கும் கிரிக்குக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. நாசாவின் விண்கலம் பென்னு என்ற சிறுகோளில் இருந்து அள்ளிய மண் 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்தது. உயிர்கள் புரதம் செய்யப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உயிருக்கான மூலப்பொருட்கள் விண்வெளியில் இருக்கின்றன என்பது இதனால் உறுதி. ஆனால் செங்கல் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. அங்கே உயிர் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பறக்கும் தட்டுகள் விஷயத்திலும் இதே நிலைதான். 2023 செப்டம்பரில் நாசா வல்லுநர் குழுவும், 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அறிக்கை வெளியிட்டன. வேற்றுகிரகத் தொடர்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று இரண்டுமே கூறின. அதற்காக ஏலியன்களே இல்லை என்று அர்த்தமா? இல்லை. சூரியக் குடும்பத்துக்கு வெளியே 6,000 கிரகங்களுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. தேடல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நாமக்கல்லில் நிலவின் மண்

வேற்றுலகத்தோடு இந்தப் பகுதிக்கு நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு. நிலவின் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிர் நிறப் பாறையால் ஆனவை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் அதே வகைப் பாறை கிடைக்கிறது. இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலவு மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ வந்தது இங்கேதான். பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் உதவியோடு பாறைகள் தேர்வு செய்யப்பட்டு, நொறுக்கித் தூளாக்கப்பட்டன. நிலவு மண்ணின் தன்மைக்கு ஏற்பப் பக்குவப்படுத்திய அந்த மண், பெங்களூரு சோதனைக்கூடத்தில் பரப்பப்பட்டது. 2019இல் சந்திரயான் 2 தரையிறங்குவதில் தோற்றது. என்ன தவறு நடந்தது என்று கண்டுபிடித்து, திருத்தி, மீண்டும் அனுப்பி, 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான் 3 தரையிறங்கியது.

ஒரு ஏலியன் வீடியோ வந்தால் என்ன கேட்கணும்?

* இதைச் சொல்வது யார்? அந்த இடத்தில் அகழாய்வு செய்தவரா, வீடியோ போடுபவர் மட்டுமா?
* கட்டியவர்களே கல்வெட்டோ, குறிப்போ, கருவியோ விட்டுச் சென்றிருக்கிறார்களா?
* காட்டப்படும் நூல் உண்மையில் எந்த ஆண்டு எழுதப்பட்டது?
* 'விளக்க முடியவில்லை' என்பதில் இருந்து நேராக 'ஏலியன்தான்' என்று தாவுகிறார்களா?
* இதில் எது தவறாக இருந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று அவர் எங்காவது சொல்கிறாரா?

மல்லமூப்பம்பட்டி கோயிலுக்குப் போய் வருபவர்கள் போகட்டும். அப்படியே நாமக்கல் குடைவரைக்கும் ஒருமுறை போய் வந்தால், அந்தச் சுவரில் குணசீலன் பெயரையும், பாறையில் பெயர் தெரியாத சிற்பிகளின் உளி வேலையையும் பார்க்கலாம்.